குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயும் கணினிவழிப் பரிசோதனையும்

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் முறைதவறி வளர்வதால் உண்டாகும் நோய் ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி. மருத்துவமனைகளில் சுருக்கமாக ஆர்.ஓ.பி. என்பார்கள். உரிய நாளில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். தவறவிட்டால் சில வாரங்களிலேயே நிரந்தரமாகப் பார்வை போய்விடக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்பதுதான் இதன் ஆபத்து. கண் சிவக்காது, நீர் வடியாது, குழந்தை வழக்கம்போலப் பால் குடிக்கும்.

நோய் எப்படி உண்டாகிறது?

கரு ஏறத்தாழ 16 வாரம் ஆகும்போது, பார்வை நரம்பு இருக்கும் இடத்திலிருந்து ரத்தக்குழாய்கள் விழித்திரையின் ஓரத்தை நோக்கி வளரத் தொடங்குகின்றன. காதுப் பக்க ஓரத்தை அவை எட்டுவது 40-ஆவது வாரத்தை ஒட்டித்தான். 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதி வழியில் இருக்கும். கருப்பையில் கிடைத்ததைவிட அதிக ஆக்சிஜன் வெளியே கிடைப்பதால் குழாய்களின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பிறகு ரத்தம் எட்டாத விழித்திரைப் பகுதி ஆக்சிஜன் கேட்டுத் தவிக்க, அவசர அவசரமாகப் புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவை தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும்.

1942-இல் பாஸ்டன் நகரில் தியோடர் டெரி இந்நோயை முதலில் விவரித்தார். ஆக்சிஜனுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1951-இல் மெல்பர்ன் மருத்துவர் கேட் கேம்பெல் எழுதினார். 1950-இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்ததும் இந்நோயால்தான். ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. எனவே இன்று அளந்து, கண்காணித்துக் கொடுக்கிறார்கள்.

முப்பதாம் நாள்

இந்தியாவில் 2,000 கிராமுக்குக் குறைவான எடையுடனோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த 30 நாளுக்குள் கண் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே, 2 அல்லது 3 வாரத்தில். அமெரிக்காவில் எடை வரம்பு 1,500 கிராம்தான். நம் நாட்டில் அதைவிட எடை கூடிய குழந்தைகளுக்கும் நோய் வருவதால், வெளிநாட்டு அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் பகுதியை எண்ணிப் பாருங்கள். வேலூர் ஆரணி சாலையில் உள்ள ஷெல் வளாகத்தில் சி.எம்.சி.யின் கண் மருத்துவத் துறை இயங்குகிறது. ஆம்பூரிலிருந்து அங்கே வர ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒருமுறை பார்த்தால் போதாது. விழித்திரை முழுமையாக வளரும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும். காலணித் தொழிற்சாலைக் கூலியை நம்பிய வீட்டில் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம். முதல் பிரசவமென்றால் பெண் தாய்வீட்டில் இருப்பார், மருத்துவமனைச் சீட்டு கணவர் வீட்டில் இருக்கும். முப்பதாம் நாள் கடந்துபோவது இப்படித்தான்.

கணினி எங்கே உதவுகிறது?

இந்நோயைப் பார்க்கத் தேர்ந்த கண் மருத்துவர்கள் குறைவு. எனவே குழந்தையை அலைய வைக்காமல் படத்தை அனுப்பும் முறை வந்தது. கர்நாடகத்தில் 2008-இல் தொடங்கிய கிட்ராப் திட்டமும், கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனையின் திட்டமும் இவ்வகையே. பயிற்சி பெற்ற பணியாளர் கேமராவுடன் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கே போய் விழித்திரையைப் படம் எடுப்பார். தொலைவில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து முடிவு சொல்வார்.

அந்தப் படத்தைப் படிக்கும் வேலையில்தான் கணினி சேர்கிறது. நோய் முற்றும்போது ரத்தக்குழாய்கள் தடித்து, பாம்புபோல நெளியும். எவ்வளவு நெளிந்தால் ஆபத்து என்பதில் வல்லுநர்களுக்கே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் 5,511 படங்களைக் கொடுத்துக் கணினிக்குப் பயிற்சி அளித்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். புதிதாகக் காட்டிய 100 படங்களில் கணினி 91 விழுக்காடு சரியாகச் சொன்னது. எட்டு வல்லுநர்களின் சராசரி 82.

பின்னர் அரவிந்த் திட்டத்தில் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படங்களில் இம்முறை சோதிக்கப்பட்டு, 2021-இல் முடிவு வெளியானது. சிகிச்சை தேவைப்பட்ட குழந்தைகளில் ஒருவரையும் கணினி தவறவிடவில்லை. சிகிச்சை தேவைப்படாதவர்களில் 78 விழுக்காட்டினரைச் சரியாக ஒதுக்கியது. மீதி 22 விழுக்காட்டினரைத் தேவையின்றி ஐயப்பட்டது. தேர்வுத்தாளாக இருந்தால் 78 சுமாரான மதிப்பெண். இங்கே அப்படியல்ல. வீணாக ஐயப்பட்டால் மருத்துவர் ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பார், அவ்வளவே. தவறவிட்டால் ஒரு குழந்தைக்குக் கண் போகும்.

கணினியால் ஆகாதவையும் உண்டு. மங்கலான படத்தை அதனால் நம்பகமாகப் படிக்க முடியாது. ஒரு வகைக் கேமராவின் படங்களில் பழகியது வேறு கேமராவிலும் அதே துல்லியம் காட்டும் என்று கொள்ளவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படமே எடுக்கப்படாத குழந்தைக்கு அதனால் பயனில்லை. நோய் தீவிரமென்று தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் ஊசி மருந்தோ தரப்பட வேண்டும். அதைச் செய்ய மருத்துவர்தான் வேண்டும்.

சிகிச்சை பெற்றுத் தேறிய குழந்தைகளுக்குப் பின்னாளில் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம். பள்ளியில் கரும்பலகை தெரியாமல் திணறும் பிள்ளையை மந்தம் என்று எண்ணிவிடாமல், குறைமாதத்தில் பிறந்ததா என்று பெற்றோரிடம் ஆசிரியர்கள் கேட்டறிந்து கண் மருத்துவரிடம் அனுப்பலாம்.