நாட்டிங் ஹில் கார்னிவல்: கலவரத்துக்குக் கரீபிய மக்கள் தந்த பதில்

ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கட்கிழமையும் அதற்கு முந்தைய ஞாயிறும் மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் தெருக்களில் நடக்க இடமிருக்காது. இறகும் ஜிகினாவும் மின்னும் வேடங்களில் ஆட்டக்காரர்கள் அணி அணியாக வருவார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் லாரிகளில் இசைக்குழுக்கள். சந்துக்குச் சந்து ஆளுயர ஒலிபெருக்கிகள். இரண்டு நாட்களிலும் சேர்த்து வருவோர் சுமார் இருபது லட்சம் பேர் என்கிறார்கள். மறுநாள் செய்திகளில் முதலில் வருவதோ கைதானவர்களின் எண்ணிக்கைதான். இந்த விழா எதிலிருந்து பிறந்தது என்பது அந்தச் செய்திகளில் இருப்பதில்லை.

1958 கோடை முடிவில் இதே பகுதியில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பின மக்களின் வீடுகளை வெள்ளை இளைஞர் கும்பல்கள் தாக்கின. கலவரம் பல நாள் நீடித்தது. டிரினிடாடில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, கம்யூனிஸ்ட் என்பதால் அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கிளாடியா ஜோன்ஸ் அப்போது லண்டனில் ஒரு பத்திரிகை நடத்திவந்தார். நொந்துகிடந்த தன் மக்களுக்கு அவர் ஒரு திருவிழாவைக் கொடுத்தார். 1959 ஜனவரியில், கடுங்குளிர் காரணமாக, செயின்ட் பான்கிராஸ் நகர மண்டபத்துக்குள் நடந்த அந்தக் கார்னிவலை பிபிசி ஒளிபரப்பியது. விழா மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் தண்டம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்கு உதவப் போனது. அந்த இளைஞர்களில் வெள்ளையரும் உண்டு.

விழா தெருவுக்கு வந்தது 1966-ல். சமூகப் பணியாளர் ரோன் லாஸ்லெட் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்காக ஒரு விழா நடத்தினார். வாசிக்க வந்த ரஸ்ஸல் ஹெண்டர்சனும் தோழர்களும் ஒரே இடத்தில் நிற்காமல், ஸ்டீல்பான்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். ஊரே பின்னால் நடந்தது. இன்றைய ஊர்வலத்துக்கு அதுதான் முதல் அடி.

அந்த ஸ்டீல்பான் எப்படிப்பட்ட கருவி? டிரினிடாடில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் விழாக்களில் முரசு கொட்டுவதை 1880-களில் பிரிட்டிஷ் ஆட்சி ஒடுக்கியது. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் தட்டித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின். அதன் பிறகு, காலியான எண்ணெய்ப் பீப்பாய். பீப்பாயின் அடித்தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்துக் கிண்ணம்போல் குழிவாக்குவார்கள். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வட்டம் குறித்து, உளியால் வரம்பு கட்டி, நெருப்பில் காய்ச்சி, சிறு சுத்தியலால் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். விளிம்பில் பெரிய வட்டங்கள், கனத்த ஒலி. நடுவில் சிறியவை, கீச்சொலி. ரப்பர் சுற்றிய குச்சி பட்டதும் அந்தத் தகரம் பாடுகிறது. தடை போட்டவர்களின் தலைநகரிலேயே அது முழங்குவதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியவில்லை.

1973 முதல் விழா அமைப்பாளர் லெஸ்லி பால்மர் வேட அணிகளைப் பெருக்கி, ஜமைக்காவின் ரெக்கே ஒலிபெருக்கிகளையும் சேர்த்தார். 1976 விழாவில் போலீஸாருடன் பெரும் மோதல் வெடித்தது. 2017-ல் அருகிலுள்ள கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் 72 பேர் மாண்டார்கள். அவர்களுக்காகக் கார்னிவல் 72 விநாடி மௌனம் காக்கிறது.

கூட்ட நெரிசல், குற்றங்கள் என்ற கவலைகள் நியாயமானவை. கத்திக்குத்துகளும் நடந்திருக்கின்றன. அதற்காக விழாவைப் பூங்காவுக்கு மாற்றும் யோசனை அவ்வப்போது எழுகிறது. அது தவறு. அடித்து விரட்டப் பார்க்கப்பட்ட மக்கள் அதே தெருக்களில் ஆடுவதுதான் இந்த விழா. கூடுதல் வழிகளும், பயிற்சி பெற்ற விழாப் பணியாளர்களும், அதற்கான நிதியும் கொடுப்பது அரசின் பொறுப்பு.

அந்த நாட்களில் லண்டனில் இருக்க வாய்ப்பவர்கள் தவறவிடாதீர்கள். குழந்தைகளோடு செல்வோருக்கு ஞாயிறு உகந்தது. ஸ்டீல்பான் குழுக்களின் போட்டி சனிக்கிழமையே நடந்துவிடும். தெருவிழாவுக்குக் கட்டணம் கிடையாது.