வீட்டுக்கு வந்த வெள்ளித்திரை: இன்டர்நெட் வீடியோ தந்ததும் எடுத்ததும்

வைத்திக்குப்பத்தில் எங்கள் தெருவில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இதில் படம் பார்க்கலாமா?" என்பதுதான். பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் கேட்டார். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் சேவை ஒன்றை அவருக்கு அமைத்துக் கொடுத்தேன். ஒரு புதன்கிழமை இரவு பழைய படம் ஒன்றைப் பாதி வரை பார்த்துவிட்டு, மீதியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறார். ஞாயிறன்று அந்தப் படமே அங்கு இல்லை. "தம்பி, நான் எதையாவது தப்பா அழுத்தி அழிச்சிட்டேனா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

அவர் எதையும் அழிக்கவில்லை. அந்தச் சேவைக்கு இருந்த உரிமைக் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியுள்ள உங்களுக்கும் இந்த அனுபவம் வரலாம். அது ஏன் என்று பார்ப்போம்.

குடமும் குழாயும்

வீடியோவை இரண்டு வழிகளில் பெறலாம். முதலாவது டவுன்லோட். குடம் நிரம்பும் வரை காத்திருந்து பிறகு குடிப்பது போல, முழு பைலும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வந்து தங்கும். இரண்டாவது ஸ்ட்ரீமிங். குழாயைத் திறந்து அப்படியே குடிப்பது போன்றது இது. படம் அந்த நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கிறது. சில விநாடித் துண்டுகளாக அது உங்களிடம் வந்து, திரையில் ஓடி, மறைந்துவிடுகிறது. இன்டர்நெட் வேகம் குறைந்தால் தரம் குறைந்த துண்டுகள் வரும். படம் திடீரென மங்கிப் பிறகு தெளிவாவது இதனால்தான். உங்கள் மானிட்டரில் கோளாறு இல்லை.

சில சேவைகளில், இன்டர்நெட் இல்லாத நேரத்தில் பார்ப்பதற்காகப் படத்தைச் சேமித்துக்கொள்ளும் வசதி உண்டு. அந்த பைலும் பூட்டப்பட்டதுதான். அதைப் பென் டிரைவில் காப்பி செய்து இன்னொரு கம்ப்யூட்டரில் போட முடியாது. சந்தா முடிந்தால் திறக்காது.

எந்த நேரத்தில் பார்ப்பது?

பார்க்கும் நேரத்தை முன்பு வேறு யாரோ முடிவு செய்தார்கள். தியேட்டரில் நான்கு காட்சிகள், தொலைக்காட்சியில் இரவு எட்டரை மணிக்குத் தொடர். எட்டரைக்குக் கரண்ட் போனால் அன்றைய கதை போனதுதான். மறுநாள் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2005ல் யூ டியூப் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே கூகுள் அதனை 165 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தியாவில் ஹாட்ஸ்டார் 2015லும், நெட்பிளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ ஆகியவை 2016லும் வந்தன. அதே 2016 செப்டம்பரில் ஜியோ அறிமுகமாகி, டேட்டா விலை சரிந்தது. அதன் பிறகுதான் "எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்பது சாதாரணக் குடும்பங்களுக்கும் உண்மையாயிற்று.

இந்த மாற்றம் சண்டை இல்லாமல் வந்துவிடவில்லை. விஸ்வரூபம் படத்தைத் தியேட்டருக்கு முன்பே டி.டி.எச். வழியாக வீடுகளில் காட்டக் கமல்ஹாசன் திட்டமிட்டபோது, தியேட்டர் உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2013ல் படம் முதலில் தியேட்டருக்குத்தான் வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, கொரோனாவால் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது, பொன்மகள் வந்தாள் 2020 மே 29 அன்று நேரடியாகப் பிரைம் வீடியோவில் வெளியானது. அப்போதும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அதே தயாரிப்பு நிறுவனத்தின் சூரரைப் போற்று, நவம்பர் 12 அன்று அதே வழியில் வந்தது.

தியேட்டர்கள் திறந்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. 2021 ஜனவரி 13 அன்று தியேட்டருக்கு வந்த மாஸ்டர், 16 நாட்களில் பிரைம் வீடியோவுக்கு வந்தது. 2023ல் ஜெயிலர் 28 நாட்களில் வந்தது. "நாலு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாம்" என்று குடும்பத்தோடு கணக்குப் போடும் பழக்கம் இப்படித்தான் வந்தது.

எங்கே, எத்தனை நாள்?

நேரம் நம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் படம் நம் கையில் இல்லை. வி.சி.டி., டி.வி.டி. வாங்கியவர்கள் அதனை அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். விற்ற கடையே மூடினாலும் அந்த டிஸ்க் ஓடும். சந்தா என்பது வாடகை. ஒரு படத்தை எந்த நாட்டில், எத்தனை காலம் காட்டலாம் என்று தயாரிப்பாளருடன் சேவை நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. காலம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் படம் போய்விடும்.

நாடு என்ற வரம்பு நம் ஊரில் பலருக்குப் புரியும். புதுச்சேரியில் பிரான்ஸில் உறவினர் உள்ள குடும்பங்கள் ஏராளம். நீங்கள் இங்கே பார்த்து ரசித்த படத்தின் லிங்க்கை பாரீஸில் உள்ள சித்தப்பாவுக்கு அனுப்பினால், அங்கே அது திறக்காமல் போகலாம். பிரான்ஸுக்கான உரிமை வேறு நிறுவனத்திடம் இருக்கலாம், அல்லது யாரிடமும் இல்லாமலும் இருக்கலாம்.

சேவைகளும் நிலையானவை அல்ல. ஜியோ சினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஜியோ ஹாட்ஸ்டார் என ஒன்றாகிவிட்டன.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

டேட்டா கணக்கு: 1080பி தரத்தில் பார்க்க விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது நெட்பிளிக்ஸ். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே அந்த வேகத்தில் தொடர்ந்து டேட்டா வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 2,250 மெகாபைட். இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 5.6 ஜிகாபைட். இது தோராயக் கணக்குதான், கூடலாம், குறையலாம். ஆனால் நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் தரும் மொபைல் இணைப்பைக் கம்ப்யூட்டருக்குப் பயன்படுத்துபவர்கள், யூ டியூபில் பல்சக்கரப் படத்தைக் கிளிக் செய்து 480பி தரத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

சந்தா: தானாகப் புதுப்பிக்கும் வசதி பெரும்பாலும் முன்பே இயக்கப்பட்டிருக்கும். ஒரே ஒரு படத்துக்காகச் சேர்ந்தால், அன்றே அதனை நிறுத்திவிடுங்கள். கட்டிய காலம் முடியும் வரை பொதுவாகப் படம் பார்க்கலாம்.

இலவசப் புதுப்படம்: வெளியான அன்றே இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். அது சட்டவிரோதம் என்பதுடன், படம் என்ற பெயரில் வைரஸும் வரும். டவுன்லோட் ஆன பைலின் பெயர் ".இஎக்ஸ்இ" என்று முடிந்தால் அது வீடியோவே அல்ல, திறக்காமல் அழித்துவிடுங்கள்.

சொந்த வீடியோ: திருமணம், காதுகுத்து, வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத் தீர்த்தவாரியன்று எடுத்தவை ஆகியவற்றை இணையத்தில் ஏற்றியதோடு விட்டுவிடாதீர்கள். தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி வைத்திருங்கள். சினிமா போனால் வேறு இடத்தில் கிடைக்கலாம். இவை போனால் கிடைக்காது.

பக்கத்து வீட்டு அக்கா தேடிய படம் பிறகு வேறொரு சேவையில் கிடைத்தது. இப்போதெல்லாம் அவர் எந்தப் படத்தையும் பாதியில் நிறுத்துவதில்லை.