காய்ச்சல் விட்ட பிறகும் மாத்திரை

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே என் உத்தியோகம் கழிந்தது. மலேரியாக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது: "காய்ச்சல்தான் விட்டுடுச்சே சார், இன்னும் எதுக்கு மாத்திரை?"

சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் மலேரியா. அதற்குக் குளோரோகுயின் இன்றும் நன்றாகக் கேட்கிறது. பெரியவர்களுக்கு முதல் நாள் நாலு, மறுநாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு. கசப்பு குமட்டும், வெறும் வயிற்றில் போடக் கூடாது. குளிரும் நடுக்கமும் சீக்கிரமே அடங்கிவிடும். ஆனால் அது கொல்வது ரத்தத்திலுள்ள கிருமியை மட்டும்தான். கல்லீரலில் பதுங்கியிருப்பது சில வாரமோ சில மாதமோ கழித்து விழித்து, புதிதாகக் கொசு கடிக்காமலே மறுபடி ஆளைப் படுக்கவைக்கும்.

அதை ஒழிக்கத்தான் பிரைமாகுயின், 14 நாள். தெம்பு வந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மிச்ச மாத்திரை அலமாரியில் கிடக்கும். அதனால் அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகத் தேதி எழுதிக் கொடுப்பேன். வரிசை நீண்டாலும் சரி, கூட வந்த அம்மாவையோ மனைவியையோ கூப்பிட்டுக் காட்டாமல் விடமாட்டேன்.

பிரைமாகுயின் எல்லோருக்கும் ஆகாது. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. இதற்குப் பதிலாக, 2018இல் அமெரிக்கா அனுமதித்த டாஃபெனோகுயினை ஒரே வேளை போட்டால் போதும். ஆனால் அது உடம்பில் வாரக்கணக்கில் தங்கும்; ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. நொதியின் அளவைச் சோதிக்காமல் அதைத் தொடவே கூடாது.

உயிருக்கு உலை வைப்பது பால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா. அதற்கு ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து. ஆர்ட்டிமிசினின்தான் சீனாவின் து யூயூவுக்கு 2015இல் நோபல் வாங்கித் தந்த கண்டுபிடிப்பு. நினைவு தப்பும் நிலைக்குப் போனால் மாத்திரையை நம்பாமல் ஆர்ட்டிசுனேட் ஊசிதான்.

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் தடுப்பு மாத்திரை கேட்பார்கள். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று; மனச்சோர்வோ வலிப்போ இருந்தவர்களுக்கு வேண்டாம். டாக்சிசைக்ளின் தினம் ஒன்று, விலை மலிவு, வெயில் பட்டால் தோல் சிவக்கும். இரண்டையும் ஊர் திரும்பியும் நாலு வாரம் தொடர வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானிலுக்கு ஏழு நாள் போதும், விலைதான் கூடுதல். எதைப் போட்டாலும் கொசுவலை வேண்டும். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், போன நாட்டின் பெயரை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.