வெள்ளம் வடிந்த பின்னர் ஊராட்சியின் பணி

தாம்பரம் வட்டாரத்தில் எப்பொழுது வெள்ளம் வந்தாலும், "செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள்" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அமைந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோதும் பலர் இவ்வாறே கூறினர். நிலப்படத்தை ஒருமுறை பார்த்தால் இக்கூற்று அவ்விரண்டு ஊர்களுக்கும் பொருந்தாதது விளங்கும். செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீர் அடையாற்றில் வந்து கலப்பது திருநீர்மலைக்கு அருகில்; நாம் கூறும் ஊர்களோ ஆற்றின் போக்கில் அதற்கு முன்னரே உள்ளவை. அங்குள்ள வீடுகளில் புகுந்த நீர் முதன்மையாக ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் முதலிய ஏரிகளின் கலங்கல்களில் வழிந்து வந்ததாகும். அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏற்கெனவே நவம்பர் மழையில் நிரம்பியிருந்த ஏரிகள் இத்துணை நீரை எங்ஙனம் தாங்கும்?

இதை முதலில் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நீர் எங்கிருந்து வந்தது என்று அறியாத ஊராட்சி, நிவாரணத்தையும் தவறான இடத்திலேயே தொடங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் கரையைத் தொடாமலே வடக்கே சென்று, 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது. எனினும் அதன் மழையால் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மீண்டும் நீர் சூழ்ந்தது. எட்டாண்டுகளுக்குள் இருமுறை ஒரே தெருக்கள் நனைந்தன.

மலைநாட்டில் புயலின் இயல்பு வேறு. அங்கு நீர் தங்குவதில்லை. பாதையை அறுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து உள்நாடு வழியே சென்றபோது, கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் விழுந்து போக்குவரத்து நின்றது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹெலீன் என்னும் சூறாவளி வட கரோலினாவின் மலைக் கிராமங்களைத் தாக்கியது. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்ட இடங்களுக்குக் கோவேறு கழுதைகளின் முதுகில் உணவும் மருந்தும் சென்றன. ஆஷ்வில் நகரில் குழாய்நீர் மீண்டும் குடிக்கத் தக்கதாக ஏழு வாரங்களுக்கு மேல் சென்றது. செல்வமும் இயந்திரமும் மிகுந்த நாட்டிலேயே இந்நிலை. மலையாயினும் சமவெளியாயினும் முதல் சில நாட்கள் அண்டை வீட்டார்தாம் துணை என்பதை இது காட்டுகிறது. 2015-இல் நம் பகுதியிலும் மீனவர்கள் தம் படகுகளை ஏற்றிவந்து மக்களை மீட்டனர். அரக்கோணத்திலுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், தாம்பரம் விமானப்படைத் தளமும் செய்த உதவி யாவரும் அறிந்ததே.

மீட்பு முடிந்தபின் எழும் பெரிய வினா, யாருக்கு உதவி சேர்கிறது என்பதாகும். நிவாரண வண்டிகள் பெரும்பாலும் அகன்ற சாலையோடு நின்றுவிடுகின்றன. முன்தெருவில் ஒரே குடும்பத்துக்கு நான்கு போர்வைகள் கிடைக்க, ஏரிக்கரையோரம் குடியிருக்கும் இருளர் குடும்பம் ஒன்றும் பெறாமல் போவதுண்டு. வாடகைக்கு இருப்போர், கட்டட வேலைக்கு வந்த வெளியூரார், குத்தகைக்குப் பயிரிடுவோர் ஆகியோரும் எளிதில் விடுபட்டுப் போகிறார்கள். மிக்ஜாமுக்குப் பின் அரசு அளித்த 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகள் வாயிலாகக் குடும்ப அட்டைக்கு வழங்கப்பட்டது. அட்டை இல்லாதோர் தனி விண்ணப்பம் தரவும் வழி செய்யப்பட்டது. ஆனால் விண்ணப்பத்தை எழுதித் தர ஆள் இல்லாதவருக்கு அவ்வழி இருந்தும் என்ன பயன்?

ஆகவே வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருக்களின் பட்டியலை மழைக்காலத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு எண் மட்டும் போதாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, நடக்க இயலாத முதியவர், கறவை மாடு ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படிப்பது நலம். விடுபட்ட பெயரை அயலார் எடுத்துச் சொல்வர். இல்லாத பெயர் இருந்தால் அதையும் சொல்லாமல் விடமாட்டார்கள்!

அடுத்தது குடிநீர். கிணற்றில் வெள்ளநீர் புகுந்திருந்தால் முதலில் இறைத்துத் தூய்மை செய்தல் வேண்டும். பிறகு ஊறிய நீரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் நல்ல சலவைத்தூள் இடுவது வழக்கம். இரண்டு மீட்டர் விட்டமும் ஐந்து மீட்டர் நீர் ஆழமும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறத்தாழ 15,700 லிட்டர் நீர் நிற்கும். அதற்கு 40 கிராம் அளவு வேண்டும். தூளை வாளியில் கரைத்துத் தெளியவைத்துத் தெளிந்த நீரை மட்டும் கிணற்றினுள் இறக்கி, ஒரு மணி நேரம் கழித்தே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். மிகவும் மாசுற்ற கிணறுகளுக்கு அளவு கூடுதலாகும். அதைச் சுகாதார ஆய்வாளர் சொற்படி செய்க. வெறுங்காலுடன் சேற்றை வாருவோருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

இறந்த மாட்டை உடனே புதைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் புதைத்துவிட்டால் நிவாரணம் கிட்டுவது அரிது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த விதிகளின்படி கறவை மாடு ஒன்றுக்கு 37,500 ரூபாயும், ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாயும் குறிக்கப்பட்டன. ஏழைக் குடும்பத்துக்கு இது சிறு தொகை அன்று. எனவே மருத்துவருக்குச் செய்தி அனுப்புவதை ஊராட்சியே மேற்கொள்ள வேண்டும்.

பயிருக்கும் இவ்வாறே. 33 விழுக்காட்டிற்குக் குறையாமல் சேதமுற்ற பாசன நெல்லுக்கு அதே விதிகளில் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் குறிக்கப்பட்டது; ஏக்கர்க் கணக்கில் ஏறத்தாழ 6,880 ரூபாய். அடங்கலில் பயிர் பதிவாகாத நிலத்துக்கு இதைக் கேட்டுப் பெறுவது கடினம். கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்க்க வரும் நாளைத் தண்டோராவிலாவது அறிவித்தால், குத்தகைதாரர் வரப்பில் வந்து நிற்க இயலும்.

பயிர் முற்றும் அழுகாமல் மஞ்சளித்து நின்றால் கைவிட வேண்டுவதில்லை. நீரை வடித்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு இவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுமாறு வேளாண்மைத் துறையினர் கூறுகின்றனர். ஆண்டுதோறும் மூழ்கும் தாழ்ந்த வயல்களுக்கு சி.ஆர். 1009 சப் 1 போன்ற, இரு வாரம் வரை மூழ்கினும் தாங்கும் நெல் வகைகள் இருக்கின்றன. விதை வாங்கும்போதே இதை எண்ணிப் பார்ப்பது நன்று.

ஏரிக்கு வருவோம். கலங்கலின் கீழேயுள்ள போக்குக்கால் எத்தனை அடி அகலம் என்று நம் ஊராட்சிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பழைய வருவாய்ப் பதிவேட்டில் அது இருக்கிறது. தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் வயல்கள் மனைகளாக மாறியபோது ஏரிகளின் பாசனம் குறைந்ததே தவிர, அவற்றுக்கு வரும் மழைநீர் குறையவில்லை. கால்வாய்கள் மட்டும் குறுகின. வீடு கட்டியவரை மட்டும் குறை கூறி என்ன பயன்? மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதே நம் கருத்து. பெரும் ஆற்றை அகலப்படுத்துவது நீர்வளத் துறைக்குரிய வேலை. ஆனால் இரண்டு ஏரிகளை இணைக்கும் சிறு கால்வாயில் அடைந்துள்ள ஆகாயத் தாமரையையும் கட்டட இடிபாடுகளையும் அகற்ற ஊராட்சி எவரையும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே பதிவேட்டை எடுத்துக்கொண்டு, அளவைச் சங்கிலியுடன் கலங்கலிலிருந்து ஆறு வரை உறுப்பினர்கள் நடந்து வரட்டும்; குறுகியுள்ள இடங்களை எழுதி வட்டாட்சியரிடம் அவ்வாரமே கொடுக்கட்டும்.