வீட்டுக் கணினி திணறுகிறதா? செலவில்லாமல் நீங்களே சரிசெய்யலாம்

சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், சொத்து வரி, கல்லூரி விண்ணப்பம் என்று இன்றைக்குப் பல வேலைகளை வீட்டுக் கணினியிலேயே முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கணினி ஆன் ஆகி வரவே பத்து நிமிஷம் ஆகிறது என்றால்? தளத்தைத் திறந்து, விவரங்களை நிரப்பி, கைபேசிக்கு வந்த ஓடிபியைப் பதிவதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைக்கே கடைசி நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கோவில்பதாகையில் இருப்பவர்கள் ஆவடிக்கு ஓடி, பிரவுசிங் சென்டரில் காத்திருக்க வேண்டியதுதான்.

"பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும். கடைக்கு எடுத்துப் போனால், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் நீங்களே செய்து பார்க்கக்கூடிய வேலைகள் சில உண்டு. அதற்குத் தேவையானது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுது மட்டும்தான். வேண்டிய கருவிகள் எல்லாம் கணினிக்குள்ளேயே இருக்கின்றன.

பிளஸ் டூ மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2011 செப்டம்பர் 15 அன்று காக்களூரில் அது தொடங்கிவைக்கப்பட்டது. அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினியைத் தம்பி பயன்படுத்தும் வீடுகள் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட கணினிக்கும் இந்தக் குறிப்புகள் பொருந்தும். கீழே சொல்லும் படிகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றுக்கானவை.

கணினி ஏன் மெதுவாகிறது?

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ரேம் என்பது சமையல் மேடை. ஹார்ட் டிஸ்க் என்பது பரண். மேடையில் இடம் இருக்கும்வரை வேலை வேகமாக நடக்கும். மேடை நிறைந்துவிட்டால், ஒவ்வொரு பாத்திரத்தையும் பரணில் ஏற்றி இறக்கித்தான் சமைக்க வேண்டும். கணினியும் அப்படித்தான். ஒரே நேரத்தில் நிறைய புரோகிராம்கள் ஓடினால் ரேம் நிறைந்துவிடும். மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் வைத்து எடுக்கும். பரணும் அடைந்து கிடந்தால் அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிடும்.

ஆகவே நாம் செய்யப்போவது இரண்டே வேலை. மேடையில் தேவையில்லாததை இறக்குவது, பரணைக் காலி செய்வது.

முதல் வேலை: நகல் எடுங்கள்

எதையும் அழிப்பதற்கு முன்னால், இழக்கக் கூடாததை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பத்திர நகல், குடும்பப் புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரு பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். காப்பி ஆனது உண்மையிலேயே திறக்கிறதா என்று இன்னொரு கணினியில் பார்த்துவிடுங்கள்.

மத்திய அரசின் டிஜிலாக்கர் சேவை 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. வழங்கிய துறையிடமிருந்தே நேரடியாக டிஜிலாக்கருக்கு வரும் ஆவணங்கள் சட்டப்படி அசலுக்கு இணையானவை. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றுபவை வெறும் நகல்கள்தான். இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

இரண்டாவது: ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

"தினமும் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தானே படுக்கிறோம்" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும். அது இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதி தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டுதான் அணையும். மறுநாள் அதே நிலையிலிருந்து எழும். பழைய சிக்கலும் கூடவே எழுந்து வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ரொம்ப நாள் கழித்து ஆன் செய்யும் கணினி, முதலில் தன் அப்டேட்டுகளைத்தான் இறக்கிக்கொண்டிருக்கும். அப்போது திணறுவது இயல்பு. அரை மணி நேரம் அதன் போக்கில் விட்டுவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவது: யார் தின்கிறார்கள் என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். சிறிய பெட்டியாக வந்தால் ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதை அழுத்துங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று பத்திகள் தெரியும். ‘மெமரி’ என்ற தலைப்பைக் கிளிக் செய்தால், அதிக ரேம் தின்னும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். பெரும்பாலும் அது பிரவுசராகத்தான் இருக்கும்.

அதே டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதிக்குப் போங்கள். கணினி ஆன் ஆகும்போதே தானாக எழுந்து உட்காரும் புரோகிராம்களின் பட்டியல் அது. வீடியோ மீட்டிங் செயலிகள், விளையாட்டுச் செயலிகள், பிரிண்டர் நிறுவனத்தின் கூடுதல் செயலிகள் என்று நிறைய இருக்கும். தேவையில்லாததை ரைட் கிளிக் செய்து ‘டிசேபிள்’ கொடுங்கள். இதனால் அந்தப் புரோகிராம் அழியாது. நீங்கள் கூப்பிடும்போது மட்டும் வரும். ஆன்டிவைரஸ், ஆடியோ, டச்பேட் ஆகியவற்றைத் தொட வேண்டாம். ஒரு பெயர் என்னவென்று புரியவில்லையா, அதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

நான்காவது: வேண்டாத புரோகிராம்களை நீக்குங்கள்

‘செட்டிங்ஸ்’, அதற்குள் ‘ஆப்ஸ்’ பட்டியலைத் திறங்கள். மாதக்கணக்கில் தொடாத புரோகிராம்களை ‘அன்இன்ஸ்டால்’ செய்யுங்கள். முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கணினியில் ஓடினால், ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு காவலாளிகள் நிறுத்திச் சோதிப்பது போல ஆகிவிடும். ஒன்று போதும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது. காலாவதியான ட்ரையல் ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் தானாக வேலையைத் தொடங்கும்.

ஐந்தாவது: பரணைக் காலி செய்யுங்கள்

‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’ என்று போனால், சி டிரைவில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். அங்கே ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என்பதைத் திறங்கள். பழைய அப்டேட் மிச்சங்கள், தற்காலிகக் கோப்புகள், ரீசைக்கிள் பின் ஆகியவை வரிசையாக வரும். வேண்டாதவற்றை டிக் செய்து நீக்கலாம். பழைய விண்டோஸ் பதிப்பின் மிச்சம் மட்டுமே பல ஜிபி இருக்கக்கூடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற பெயரும் வரலாம். அது குப்பை அல்ல. நீங்கள் இறக்கிய ஹால் டிக்கெட்டும், சான்றிதழும், ரசீதும் அதில்தான் இருக்கும். அதை டிக் செய்யாதீர்கள். அந்த ஃபோல்டரைத் தனியாகத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். ‘சைஸ்’ வரிசைப்படி அடுக்கினால் பெரிய வீடியோக்கள் முதலில் வரும். வாட்ஸ்அப்பில் வந்த ‘காலை வணக்கம்’ வீடியோக்கள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று அப்போது தெரியும்.

சி டிரைவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால் நல்லது. ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ என்ற பொத்தானை ஆன் செய்துவிட்டால், தற்காலிகக் கோப்புகளைக் கணினியே அவ்வப்போது பெருக்கித் தள்ளிவிடும்.

ஆறாவது: பிரவுசரைச் சுத்தம் செய்யுங்கள்

"ஸ்க்ரீன் ஓரத்துல வைரஸ் இருக்குன்னு வந்துக்கிட்டே இருக்கு" என்று பயப்படுபவர்கள் உண்டு. பல சமயம் அது வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளம் ‘அலோ’ கேட்டபோது நாம் கொடுத்த அனுமதிதான். குரோமில் ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று போய், தெரியாத தளங்களை நீக்கிவிடுங்கள். தொல்லை நின்றுவிடும். அப்படியே ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பகுதியையும் பாருங்கள். நீங்கள் சேர்க்காதது எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இருபது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு விண்ணப்பம் நிரப்பாதீர்கள். வேலை நடக்கும் ஒன்று மட்டும் திறந்திருக்கட்டும்.

ஏழாவது: அரசே தரும் இலவசக் கருவி

இவ்வளவு செய்த பிறகும் கணினி தானாக எதையோ செய்துகொண்டே இருக்கிறதா? ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து ‘ஃபுல் ஸ்கேன்’ கொடுங்கள். சில மணி நேரம் ஆகலாம்.

அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ இருக்கிறது. செர்ட்-இன் அமைப்பு இதை நடத்துகிறது. 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. நமக்கே தெரியாமல் நம் கணினியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ‘பாட்’ வகை நிரல்களைக் கண்டுபிடித்து நீக்குவதுதான் இதன் நோக்கம். அந்தத் தளத்தில் இருக்கும் நீக்கும் கருவிகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கருவி தரும் நிறுவனங்களில் சென்னையைச் சேர்ந்த கே7-ம் ஒன்று. தளத்தின் முகவரி: சிஎஸ்கே டாட் ஜிஓவி டாட் இன். தேடிப் போகும்போது விளம்பரமாக வரும் இணைப்புகளைத் தொடாமல், முகவரியை ஆங்கில எழுத்தில் நீங்களே டைப் செய்து போங்கள்.

எட்டாவது: தூசியும் சூடும்

உள்ளே சூடு ஏறினால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லாரி ஓடும் சாலையோரத்து வீடுகளில் ஃபேனில் தூசி அடைவது சகஜம். மேசைக் கணினி என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. மடிக்கணினியை மெத்தை, தலையணை மேல் வைத்துப் பயன்படுத்தாதீர்கள். காற்று போகும் துளைகள் அடைபட்டுவிடும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

"ஒரே கிளிக்கில் வேகம்" என்று வரும் செயலிகளை இறக்காதீர்கள். ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’ வகைச் செயலிகளை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. 2017-ல் உலகப் புகழ்பெற்ற சிசிகிளீனர் செயலியின் ஒரு பதிப்பிலேயே தீய நிரலைப் புகுத்திவிட்டார்கள். ஏறக்குறைய 22 லட்சம் பேரின் கணினிக்குள் அது போய்விட்டது. பெயர் பெற்ற செயலிக்கே அந்தக் கதி என்றால், விளம்பரத்தில் வருவதை என்ன சொல்ல?

திரை முழுவதும் சிவப்பாகி, "உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வந்தால் அழைக்காதீர்கள். எந்த நிறுவனமும் அப்படி எண் கொடுக்காது. அழைத்தால், கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொல்வார்கள். அடுத்து உங்கள் வங்கிக் கணக்குதான். பிரவுசரை டாஸ்க் மேனேஜரில் மூடிவிடுங்கள், போதும். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

இத்தனைக்குப் பிறகும் வேகம் வரவில்லையா?

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது செலவில்லாதது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படிப்பட்ட கணினிக்கு லினக்ஸ் நல்ல மாற்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. ‘லினக்ஸ் மின்ட்’டின் எளிய பதிப்பையும் பார்க்கலாம். பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்க முடியும். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் போன்றவை உங்களுக்குத் தேவையா என்று மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழிக்குக் கொஞ்சம் செலவு உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. சுழலும் தட்டு இல்லாததால், தேடும் நேரமே இருக்காது. பழைய கணினிக்குப் பணம் போடுவதென்றால் முதலில் இதற்குத்தான் போட வேண்டும். ஆவடியிலும், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் இரண்டு மூன்று கடைகளில் விலை விசாரியுங்கள். பில் வாங்குங்கள். பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாமல் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். உங்கள் ஆதார் நகலும் வங்கி விவரங்களும் அதில்தான் இருக்கின்றன.

ஃபார்மட் செய்வது கடைசி வேலையாக இருக்கட்டும். அதற்குக் கொடுப்பதானாலும், "காப்பி எடுத்தாச்சா?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்த பிறகு கொடுங்கள். கணினியை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அதிலிருந்து அழிந்துபோன புகைப்படம் திரும்ப வராது.