எத்தனால் பெட்ரோலும் மருந்தடிக்கும் எஞ்சினும்

பெட்ரோலில் எத்தனாலைக் கலக்கும் திட்டம் 2003-இல் 5 விழுக்காட்டுடன் தொடங்கி, 2022 ஜூனில் 10 விழுக்காட்டை எட்டி, 2025-இல் 20 விழுக்காட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதால், ஓமலூர் வட்டாரத்துப் பெட்ரோல் பங்குகளில் இன்று சாதாரணமாகக் கிடைப்பது ‘இ20’ எனப்படும், ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் சேர்ந்த எரிபொருளே ஆகும். இதைப் பற்றிய விவாதம் பெரிதும் கார்களின் மைலேஜைச் சுற்றியே நடந்திருக்க, பவர் ஸ்பிரேயர், பிரஷ் கட்டர், பவர் வீடர், சிறிய ஜெனரேட்டர் ஆகியவற்றின் எஞ்சின்கள் கேட்பாரற்று விடப்பட்டுள்ளன. மேல்நாடுகளில் உல்லாசப் படகையும் புல்வெட்டியையும் இயக்கும் இதே வகை எஞ்சின், காடையாம்பட்டியிலும் தாரமங்கலத்திலும் பிழைப்புக்கான கருவியாகும்.

எத்தனால் தன்னுள் ஆக்சிஜனைக் கொண்ட சாராயம் என்பதால், அது முழுமையாக எரியப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று தேவைப்பட, எத்தனாலுக்கு 9 பங்கு போதுமானது. புதிய வாகனங்களில் சென்சார் இதை உணர்ந்து எரிபொருளின் அளவைக் கூட்டிக்கொள்கிறது. கார்புரேட்டரின் மாறாத ஜெட் துளையை நம்பியிருக்கும் சிறு எஞ்சினுக்கு அந்த வசதி இல்லையாதலால், காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த ‘லீன்’ நிலையில் அது கூடுதலாகச் சூடேறி ஓடுகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு டேங்கில் அடிக்கும் பரப்பு சற்றுக் குறைவதன் காரணம் விளங்கும்.

ஆயினும் ஓடும்போது நேரும் இழப்பைவிட, ஓடாமல் கிடக்கும்போது நேரும் கேடே பெரிது. மருந்தடிப்பு முடிந்ததும் டேங்கில் மிச்சப் பெட்ரோலுடன் கொட்டகையில் வைக்கப்படும் ஸ்பிரேயர், அடுத்த பட்டம் வரை, சில வேளை ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றிலும், அப்படியே கிடக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. அது தாங்கும் அளவை நீர் மிஞ்சியதும், நீரும் எத்தனாலும் கூடிய கனமான அடுக்கு அடியிலும், பெட்ரோல் மேலேயும் எனக் கலவை பிரிந்துவிடும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலுடன் கலந்து ஊற்றும் 2டி ஆயில் மேலடுக்கிலேயே தங்கிவிடுவதால், டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாய் மசகு இல்லாத திரவத்தை எஞ்சினுக்கு ஊட்ட, பிஸ்டன் ‘சீஸ்’ ஆகும் அபாயம் நேர்கிறது. எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் குழாயும், பிரஷ் கட்டரின் கார்புரேட்டரில் உள்ள டயாஃப்ரம் எனும் மெல்லிய சவ்வும் உப்பியோ விறைத்தோ போவதும், அலுமினிய, துத்தநாகப் பாகங்கள் அரிப்பதும் மெதுவாக நிகழ்பவை. பிரிந்த கலவையை எந்தச் சேர்மானத்தாலும் மீண்டும் சேர்த்துவிட முடியாது. அதை அகற்றுவதே வழி.

எத்தனாலை முற்றிலும் பழிப்பதும் நியாயமாகாது. இறக்குமதிக் கச்சா எண்ணெயின் தேவையை அது குறைக்கிறது. புகையில் கார்பன் மோனாக்சைடு குறைகிறது. மக்காச்சோளம் அதன் முதன்மை மூலப்பொருளாகிவிட்டதால் ஆத்தூர், தலைவாசல் பகுதி உழவர்களுக்கு விலைப் பலம் கிடைக்கிறது. அதே மக்காச்சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனமாகவும் இருப்பதால், ஒருவரின் லாபம் இன்னொருவரின் செலவாகிறது என்பது தனியே ஆராயத்தக்கது. எத்தனாலால் உயரும் ஆக்டேன் எண், அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், குறைந்த அழுத்தத்தில் இயங்கும் ஸ்பிரேயர் எஞ்சினுக்கு அநேகமாகப் பயனற்றது.

அமெரிக்காவில் 15 விழுக்காட்டுக் கலவையைப் படகு, மோட்டார் சைக்கிள், தோட்டக் கருவி ஆகியவற்றில் ஊற்றக் கூடாது என்ற எச்சரிக்கை பம்பிலேயே ஒட்டப்படுகிறது. இந்தியாவில் எத்தனாலற்ற பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பம்பில் கலவை அளவு எழுதப்பட வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. வாகனம் எந்தக் கலவையைத் தாங்கும் என்பதை ஸ்டிக்கரில் காட்டும் ஏற்பாடு மோட்டார் வாகன விதிகளின் வழி வந்தது; ஸ்பிரேயர் மோட்டார் வாகனம் அல்லவாதலால் அந்தக் காப்பு அதற்கு எட்டவில்லை. இதுவே இப்பிரச்சினையின் மிகப் பலவீனமான இடம்.

ஆகவே காப்பு பெரும்பாலும் பயன்படுத்துவோர் கையிலேயே உள்ளது. ஓரிரு வாரத் தேவைக்கு மட்டும் பெட்ரோல் வாங்கி, இறுக மூடிய உலோகக் கேனில் வைத்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிஞ்சியதும் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது பெரும்பாலான கோளாறுகளைத் தவிர்க்கும். கலவை அளவை அறிய விரும்புவோர், தீயும் பொறியும் இல்லாத திறந்த வெளியில், அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குடுவையில் 100 மில்லி பெட்ரோலுடன் 10 மில்லி தண்ணீர் சேர்த்துக் குலுக்கி நிற்கவிட்டால், எத்தனால் தண்ணீருடன் சேர்ந்து அடியடுக்கு ஏறக்குறைய 30 மில்லியாக உயர்வதைக் காணலாம். அந்தப் பெட்ரோலை எஞ்சினில் ஊற்றக் கூடாது.

சட்ட வழியில் இரு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். எத்தனால் கலந்திருப்பது அரசு அனுமதித்ததே என்பதால், அதற்காக மட்டும் பங்க் மீது தொடுக்கும் வழக்கு நிற்பது கடினம். நிலத்தடித் தொட்டியில் மழைநீர் கசிந்து தண்ணீர் கலந்த பெட்ரோல் விற்கப்பட்டால் அது வேறு. அங்கே அடர்த்திச் சோதனையைக் கேட்டுப் பெறும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. மற்றொரு நிலை, கருவி எந்தக் கலவையைத் தாங்கும் என்று கையேட்டில் சொல்லாமலோ எச்சரிக்காமலோ விற்பது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ தராத உற்பத்தியாளரை இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்குகிறது. கூலிக்கு மருந்தடித்துப் பிழைப்பவரும், சுயதொழிலால் வாழ்வாதாரம் தேடுபவர் என்ற வகையில், அச்சட்டத்தின்படி நுகர்வோரே. பங்க் ரசீது, கருவி வாங்கிய பில், மெக்கானிக்கின் எழுத்துவடிவக் குறிப்பு, பழுதான பாகம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து, தீராவிடில் பழுது நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.