முன் வந்தது முன் செல்க

உழவர் விளைத்த நெல், அரிசியாகி மக்களை அடையுமுன் கிடங்கில் தங்குகின்றது. கிடங்கின் சிறப்புப் பொருளைச் சேர்த்து வைப்பதில் மட்டும் இல்லை. முறையறிந்து வெளியே அனுப்புவதிலும் உள்ளது.

இந்திய உணவுக் கழகம் 1965ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. அக்கழகத்தின் கிடங்குகளில் மூட்டைகள் அடுக்கடுக்காக வைக்கப்பெறும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் அட்டை உண்டு. மூட்டைகள் வந்த நாளும், வந்தவை சென்றவை ஆகியவற்றின் எண்ணிக்கையும் அதில் எழுதப்பெறும்.

முன் வந்தது முன் செல்லுதல் வேண்டும் என்பதே அங்கு விதி. எடுத்தல் எளிதென்று கருதி வாயிலருகே உள்ள புதிய மூட்டைகளையே அனுப்பினால், உள்ளே கிடக்கும் பழைய அரிசியில் வண்டு பெருகும்; அது பக்கத்து அடுக்குகளையும் பற்றும். ஆதலின், அட்டையை நோக்கிப் பழையதையே முதலில் எடுப்பர்.

பின்னர், வெறும் வண்டியை ஒருமுறையும் மூட்டை ஏற்றிய வண்டியை மறுமுறையும் எடைமேடையில் நிறுப்பர். கணக்கு ஒத்த பின்னரே வாயிற்சீட்டு வழங்கப்பெறும்.

ஒரு மூட்டை அரிசி 50 கிலோகிராம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்குத் திங்கள்தோறும் 5 கிலோகிராம் தானியம் உரியது என்கின்றது. எனவே, கிடங்கில் ஒரு மூட்டை கெட்டால், பதின்மருடைய ஒரு திங்கள் உணவு பாழாகும். அட்டையில் எழுதும் ஒரு வரியும் அறப்பணியே அன்றோ!